ஆரோக்கியமானவர் பட்டியலில் என் ரத்தம்

மகனே, இதை யாரிடமும் காட்டாதே. உன் அப்பாவிடமும் வேண்டாம். அவர் யாரென்று எனக்கே இன்னும் தெரியாது. நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினேழு வயது. பள்ளியின் கடைசி வருடமான ஐந்தாம் படிவம் படிக்கிறேன். பாச்சாங்கில் எங்கள் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து, கணக்குப் பயிற்சிப் புத்தகத்துக்குள் தாளை வைத்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். யாராவது வந்தால் புத்தகத்தை மூடினால் போதும். நீ இதைப் படிக்கும்போது உனக்கு இருபது வயதாவது ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன்பே என் அலமாரியைக் கிளறி எடுத்திருந்தால், தயவுசெய்து மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிடு.

உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், இப்போது உயிரோடு இருக்கிற யாரிடமும் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நாட்குறிப்பு எழுதிப் பார்த்தேன். எனக்கு நானே எழுதுவது, ஆளில்லாத வீட்டுக்குப் போன் போட்டுவிட்டு மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. அதனால்தான் நீ. மகள் என்று நினைத்தால் என் முகமே வந்து நிற்கிறது, ஆகவே மகன். உனக்கு எழுதுவதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. எழுதும் நேரத்துக்காவது நான் உன் அம்மா ஆகப்போகிறவள், அதாவது இன்னும் பல வருடங்கள் இருக்கப்போகிறவள். இந்த வாக்கியத்தை எழுதக் கொஞ்ச நேரம் பிடித்தது. போகட்டும், முதலிலிருந்து சொல்கிறேன்.

என் அம்மா பாச்சாங்கில் ஒரு கார் உதிரிப்பாகக் கடையில் சரக்குக் கணக்குப் பார்க்கிற கிராணியாக இருந்தார். எந்த வண்டிக்கு எந்த பேரிங், அது எந்தத் தட்டில் எத்தனையாவது பெட்டி என்று புத்தகம் பார்க்காமல் சொல்வார். கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் மலாயில், வொர்க்‌ஷாப் அண்ணன்களிடம் தமிழில், சிங்கப்பூர் சப்ளையரிடம் ஆங்கிலத்தில் என்று ஒரே மூச்சில் மூன்று பேரைச் சமாளிப்பார். போன வருடம் ஒரு நாள் தட்டுக்கு முன்னால் போய் நின்றவருக்கு எதை எடுக்க வந்தோம் என்று தெரியவில்லையாம். கால் மணி நேரம் அப்படியே நின்றிருக்கிறார். பிறகு வீட்டுக்கு வந்து படுத்தார். ஒரு வாரம், ஒரு மாதம், அதற்குப் பிறகு நாங்கள் எண்ணுவதை விட்டுவிட்டோம். அப்பா தவுக்கேயிடம் முதுகெலும்பு நழுவிவிட்டது என்றார். பக்கத்து வீட்டில் தைராய்டு என்றார். நான் பள்ளியில், அம்மா ஜோகூரில் சித்தி வீட்டில் இருக்கிறார் என்று சொல்லி வைத்தேன். எனக்குச் சித்தியே கிடையாது.

அந்த நாட்களில் நான் செய்த ஒன்றை உனக்குச் சொல்லியாக வேண்டும். அம்மா பத்து நாட்களுக்கு மேல் குளிக்கவில்லை. நான் பள்ளிவிட்டு வந்து, சீருடையைக்கூடக் கழற்றாமல், கட்டில் அருகே நின்று, "எந்திரிச்சுக் குளிங்கம்மா, நாத்தம் அடிக்குது, பக்கத்துல வர முடியல" என்றேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் கோபத்தில் சொன்னது என்று ஆகியிருக்கும். மெதுவாக, அருவருப்போடு சொன்னேன். அம்மா என்னைப் பார்த்து, "தெரியும் பாப்பா" என்றார். அவ்வளவுதான். என் குரல் அவருக்குள் எங்கேயும் பட்ட மாதிரி இல்லை. அதுதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது. ஒரு மனிதர் வலிக்கிற இடத்தையும் இழந்திருக்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். எப்படித் தெரியும் என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

அப்பாவைப் பற்றி நீ தப்பாக நினைத்துவிடக் கூடாது. அவர் சுங்கை ஊடாங்கில், எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையில், கொன்ட்ராக்டரிடம் சாரம் கட்டும் வேலை பார்க்கிறார். உயரத்தில் நின்று வேலை செய்கிறவர், கீழே வந்தால் எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவார். அவருக்குச் சர்க்கரை நோய். காலையில் எழுந்ததும் விரலைக் குத்தி, சொட்டு ரத்தத்தைக் கருவியில் வைத்து, வருகிற எண்ணைச் சமையலறைக் காலண்டரில் அன்றைய கட்டத்துக்குள் நீல மையில் எழுதுவார். எங்கள் வீட்டுக் காலண்டரில் நல்ல நேரம் எல்லாம் அந்த எண்களுக்கு அடியில் மறைந்து கிடக்கும். அத்தை வந்தால் அத்தையின் எண். ஒரு முறை எனக்குத் தலை சுற்றியபோது என் எண்ணும் ஏறியது. ஏழு பாயிண்ட் இரண்டு என்றால் கூடுதல், அன்றைக்குத் தோசையில் ஒன்று குறையும்; ஐந்து பாயிண்ட் எட்டு என்றால் பாட்டு முணுமுணுப்பார். "ரத்தத்துல தெரியாதது ஒடம்புல கெடையாதும்மா" என்பார் என்னிடம். அதனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவிடம் பேசிவிட்டு, இது மனச்சோர்வு நோய், மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்றபோது, அப்பா கேட்ட முதல் கேள்வி, ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லையா என்பதுதான். மற்ற கோளாறு எதுவும் இல்லையென்று பார்க்க எடுப்போம், ஆனால் இந்த நோய்க்கென்று ஒன்று இல்லை என்றார் டாக்டர். அப்பா முகம் வாடிவிட்டது. அம்மாவுக்கு நோய் இருக்கிறது என்று கேட்டபோதுகூட அப்படி வாடவில்லை.

அடுத்த முறை போனபோது ஓர் அக்கா வந்தார். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற மாணவி, நம் ஆள்தான். அப்பா அவரை மிஸ்ஸி என்றே கூப்பிட்டார். நான் நர்ஸ் இல்லை அங்கிள் என்று அவரும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். மூளையில் ஒரு புரதம் இருக்கிறதாம். மூளை செல்கள் வளரவும், ஒன்றோடொன்று கிளைவிட்டுச் சேரவும் அது வேண்டுமாம். அந்தப் புரதம் ரத்தத்திலும் ஓடுகிறது. மனச்சோர்வு உள்ளவர்கள் பலரைச் சேர்த்துப் பார்த்தால் அவர்கள் ரத்தத்தில் அது கொஞ்சம் குறைவாக இருக்கிறது, குணமாகும்போது ஏறுகிறது என்று பல இடங்களில் கண்டிருக்கிறார்கள். அதை ஓர் அடையாளமாக நம்பலாமா, எவ்வளவு நம்பலாம் என்பதுதான் அக்காவின் ஆராய்ச்சி. மாத்திரை தொடங்கும் முன் ஒரு முறை, எட்டு வாரம் கழித்து ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். அக்கா சொல்லி முடித்ததும், அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "அப்ப நானு உரம் போடாத செம்பனையா?" என்றார். பத்து மாதத்தில் அம்மா பேசிய முதல் முழு வாக்கியம் அது. எண்ணெய்ப்பனை எஸ்டேட்டில் பிறந்தவருக்கு மட்டும்தான் அந்த நேரத்தில் அது வாயில் வரும். அக்கா சிரித்தார். அப்பாவும் சிரித்தார், நிறுத்த முடியாமல் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எவ்ளோ இருந்தா நார்மல் மிஸ்ஸி?" என்று கேட்டார்.

அக்கா பொறுமையாகச் சொன்னார். அது சர்க்கரை மாதிரி இல்லை. இதற்கு மேல் நல்லது, இதற்குக் கீழே நோய் என்று கோடு கிடையாது. அதனால் ஒவ்வொருவர் எண்ணையும் தனியாகச் சொல்ல மாட்டோம். அப்பா தலையாட்டினார். ஆனால் அவர் தலையாட்டுவது எனக்குத் தெரியும். ஆலையில் புதுப் பாதுகாப்பு விதி சொல்லும்போதும் இப்படித்தான் ஆட்டுவார். வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் எட்டு வாரம் தள்ளி ஒரு கட்டத்தைச் சுற்றிச் சிவப்பில் கோடு போட்டு, உள்ளே எதுவும் எழுதாமல் விட்டார். அம்மாவின் எண்ணுக்கு இடம்.

அன்று வீட்டுக்குக் கிளம்பும் முன்பே, ஆஸ்பத்திரியிலேயே, நானும் இதில் வந்துவிட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும், குடும்பத்தில் யாராவது தருவீர்களா என்று அக்கா கேட்டார். அப்பா உடனே சட்டைக் கையை மடித்தார். சர்க்கரை நோய் இருப்பதால் அவரைச் சேர்க்க முடியாது என்றதும் அவருக்கு ஏமாற்றம். என்னைப் பார்த்தார். பதினேழு வயது, அப்பா கையெழுத்துப் போட்டால் போதும் என்றார் அக்கா. நான் சரி என்றேன். உனக்கு உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இந்த வீட்டில் ஒருவர் நோயாளி, ஒருவர் சர்க்கரைக்காரர். ஆரோக்கியமானவர் நான்தான் என்று ஒரு தாளில் எழுதப்படப் போகிறது. அது எழுதப்பட்டுவிட்டால் உண்மையாகிவிடும் என்று நினைத்தேன்.

ஏனென்றால், மகனே, அதற்கு முன்பே பல மாதங்களாக எனக்கும் சரியில்லை. எப்போது தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. காலையில் நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடும், யாரோ கூப்பிட்டதுபோல. பிறகு தூக்கம் கிடையாது. வகுப்பில் ஆசிரியர் பேசுவது கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கும். ஒரு பத்தியை ஆறு தடவை படிப்பேன். முன்பு கூடைப்பந்து ஆடுவேன்; கால் வலி என்று சொல்லி நின்றுவிட்டேன். யாருடனும் சண்டை இல்லை, யாரும் என்னைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டவில்லை, பரீட்சை மதிப்பெண்கூடப் பெரிதாக விழவில்லை. அதனால் இதற்கு ஒரு காரணம் சொல்ல எனக்கு உரிமை இல்லையென்று தோன்றியது. அம்மாவுக்கு வந்திருப்பதுதான் நோய். எனக்கு வந்திருப்பது சோம்பல், திமிர், அம்மாவைப் பார்த்துப் பழகிக்கொண்டது. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ரத்தம் எடுக்கும் முன் கேள்வித்தாள் நிரப்ப வேண்டும். மலாயில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம் கெட்டதா, பசி கெட்டதா, எதிலும் ஆர்வம் இல்லாமல் போனதா என்று. ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து மூன்று வரை ஏதாவது ஒன்றை வட்டமிட வேண்டும். பூச்சியம் என்றால் ஒரு நாளும் இல்லை, ஒன்று என்றால் சில நாட்கள், மூன்று என்றால் ஏறக்குறைய தினமும். அறை சின்னது. அக்கா அப்பாவிடம் கொஞ்சம் வெளியில் உட்காருகிறீர்களா என்று கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே, "எனக்கும் எம் பொண்ணுக்கும் ஒளிவு மறைவே கெடையாதுலா மிஸ்ஸி" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நான், பரவாயில்லைக்கா, இருக்கட்டும் என்றேன். அப்போது அக்கா இன்னொன்றும் சொன்னார். பதில்களில் கவலைப்படும்படி ஏதாவது இருந்தால் பெற்றோரிடமும் டாக்டரிடமும் சொல்வோம், அது உன் நல்லதுக்குத்தான் என்றார். அப்பா என் தோளுக்கு மேலாகத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தேகத்தில் இல்லை, பெருமையில். நான் ஒன்பது பூச்சியங்களை வட்டமிட்டேன். உயிரோடு இருப்பது பற்றிய அந்த ஒன்பதாவது கேள்வியை உனக்கு எழுதிக் காட்ட மாட்டேன். அதற்கு என் உண்மையான பதில் பூச்சியம் இல்லை, சில நாட்கள் என்பது மட்டும் உனக்குத் தெரிந்தால் போதும். அப்பா என் முதுகைத் தட்டி, "பாத்தீங்களா மிஸ்ஸி, ஃபுல் மார்க்" என்றார்.

இங்கே உனக்கு ஒரே ஓர் அறிவுரை சொல்லிக்கொள்கிறேன், அம்மா என்ற முறையில். உனக்குப் பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளையிடம் யாராவது இப்படிக் கேள்வி கேட்டால், நீ எழுந்து வெளியே போ. அவர்கள் போகச் சொல்லும்வரை காத்திருக்காதே. பிள்ளை இருங்கள் என்று சொன்னாலும் போ.

பிறகு ரத்தம் எடுத்தார்கள். அம்மாவின் குழாயும் என் குழாயும் ஒரே தாங்கியில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. உடனே எடுத்துப் போக மாட்டார்கள். அரை மணி நேரம் அப்படியே நிற்க வேண்டும், ரத்தம் உறைய வேண்டும் என்றார் அக்கா. ரத்தத்தில் இருக்கிற அந்தப் புரதத்தில் பெரும்பகுதி தட்டணுக்கள் என்கிற சின்னச் சின்னத் துணுக்குகளுக்குள் அடைந்து கிடக்குமாம். உறையும்போதுதான் வெளியே வருமாம். அந்த அரை மணி நேரமும் நான் அந்த இரண்டு குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எது யாருடையது என்று நிறத்தில் தெரியவில்லை. ஒட்டியிருந்த தாளில்தான் தெரிந்தது.

பயம் அன்று மாலையே தொடங்கிவிட்டது. வாயால் பொய் சொல்லிவிட்டேன், ஆனால் ரத்தம் பொய் சொல்லாதே. அதை எங்கோ ஓர் ஆய்வகத்தில் சுழற்றிப் பிரித்து, அளந்து பார்த்து, ஒன்பது பூச்சியம் போட்ட இந்தப் பெண்ணுக்கு ஏன் இவ்வளவு குறைவு என்று யாராவது கேட்பார்கள். அக்கா வீட்டுக்குப் போன் செய்வார். அப்பா எடுப்பார். வீட்டில் போன் அடிக்கும்போதெல்லாம் அவருக்கு முன்னால் ஓடிப்போய் எடுத்தேன். அப்பாவோ வாரத்துக்கொரு முறை தானாகவே அக்காவுக்குப் போன் போட்டு, நம்பர் வந்துவிட்டதா மிஸ்ஸி என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் நான் கதவோரம் நின்று, அந்தப் பக்கத்துக் குரல் எவ்வளவு நேரம் பேசுகிறது என்று கேட்பேன். நீளமாகப் பேசினால் என்னைப் பற்றித்தான் என்று நினைப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை எஸ்டேட்டிலிருந்து வந்தார். அப்பாவின் அக்கா. கட்டிலில் கிடந்த அம்மா காதில் விழும்படியாகவே, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டார். "நாங்க ரப்பர் பால்மரம் வெட்டுனப்போ எவளாச்சும் மனசு சரியில்லன்னு படுத்தாளா? காலைல பெரட்டுல பேர் கூப்புடறப்ப ஆள் கொறஞ்சா கங்காணி வாசல்ல வந்து நிப்பாரு. இவளுக்கு வாசல்ல நிக்க ஆள் இல்லலா, அதான் இப்படி." அப்பா தேநீர் கலக்கிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "நம்பர் வரட்டும்க்கா. வந்ததும் நானே ஒனக்குப் போன் போட்டுச் சொல்றேன். அது வரைக்கும் இந்தப் பேச்ச என் வீட்ல பேசாத" என்றார். அன்றுதான் எனக்குப் புரிந்தது. அப்பா அம்மாவைச் சந்தேகப்பட்டு எண் கேட்கவில்லை. அத்தையிடமும் தவுக்கேயிடமும் ஆலை ஆட்களிடமும் நீட்டிக் காட்ட அவருக்கு ஒரு தாள் வேண்டும். முதுகெலும்பு, தைராய்டு என்று சொல்லிச் சொல்லி அவர் களைத்துப்போயிருந்தார். அப்படிப்பட்டவரிடம் போய் எனக்கும் இப்படித்தான் இருக்கிறது, என்னிடமும் எண் இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?

நான்கு வாரம், ஐந்து வாரம் போனபின் அம்மா மெல்ல எழ ஆரம்பித்தார். முதலில் குளித்தார். பிறகு மாலையில் விளையாட்டுத் திடலைச் சுற்றி நடந்தார். நடந்தால் அந்தப் புரதம் ஏறலாம், உறுதியாகத் தெரியாது, ஆனால் நடப்பது எப்படியும் நல்லது என்று அக்கா சொல்லியிருந்தார். "உரம் போட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். அம்மாவின் பிறந்தநாளுக்கு அப்பா எங்களை உம்பாய்க்குக் கூட்டிப்போனார். கடலோரக் கடையில் திருக்கை மீனை மிளகாய்ச் சம்பல் தடவி இலையில் சுட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். அம்மா ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு, ஒரு கணம் நின்று, பிறகு மறுபடி பிட்டார். அதற்குப் பிறகு சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். விரலை நக்கினார். அப்பா மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தி, "பாத்தியாம்மா, ருசி வந்திருச்சு" என்று கிசுகிசுத்தார். நானும் மென்றுகொண்டிருந்தேன். என் வாயில் இருந்தது சூடாக இருந்தது, மென்மையாக இருந்தது, அவ்வளவுதான். அம்மா எங்கிருந்து திரும்பி வந்தாரோ அந்த இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். இருவரும் வழியில் ஒருவரையொருவர் கடந்துபோயிருக்க வேண்டும், அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் அப்பாவைப் பார்த்துச் சிரித்தேன். ஒரு மேசையில் உன்னை நேசிக்கிற இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டே தனியாக இருக்க முடியும். உனக்கு அது வந்தால், யாருக்கும் வராத ஏதோ உனக்கு வந்துவிட்டது என்று நினைக்காதே. எனக்கு உம்பாயில் வந்தது.

அதோடு இன்னொரு குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டது. உட்கார்ந்து யோசித்துப் பார். என் ரத்தம் ஆரோக்கியமானவர்கள் பட்டியலில் இருக்கிறது. ஒருவேளை அதில் அந்தப் புரதம் குறைவாக இருந்தால், ஆரோக்கியமானவர்களின் சராசரி என்னால் கொஞ்சம் கீழே இறங்கும். என்னைப்போல் இன்னும் நான்கு பேர் அப்பாக்கள் பக்கத்தில் உட்கார்ந்து பூச்சியம் போட்டிருந்தால் இன்னும் இறங்கும். கடைசியில் இரண்டு பட்டியலுக்கும் வித்தியாசம் இல்லை என்று அக்கா எழுத வேண்டிவரும். அப்பா காத்திருக்கிற தாள் கிடைக்காமல் போவதற்கு நானும் ஒரு காரணமாகிவிடுவேன். கணக்குப் பாடத்தில் இதைவிட எளிதான கணக்குக்கு எனக்கு விடை வருவதில்லை; இது மட்டும் தூக்கமில்லாத காலை நான்கு மணிக்கெல்லாம் தானாக வந்து நின்றது.

மூன்று நாட்களுக்கு முன் அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். என் தோழி ஒருத்தியும் உங்கள் ஆராய்ச்சியில் இருக்கிறாள், கேள்வித்தாளில் பொய் எழுதிவிட்டாள், ரத்தம் அவளைக் காட்டிக்கொடுத்துவிடுமா, உங்கள் பட்டியலைக் கெடுத்துவிடுமா என்று கேட்டேன். அக்கா எழுதவில்லை, குரலில் பதில் அனுப்பினார். காதொலிப்பானை மாட்டிக்கொண்டு பள்ளிக் கழிவறையில் நின்று கேட்டேன். "காட்டிக்கொடுக்காதும்மா. ஒருத்தரோட ரத்தத்த மட்டும் வச்சுக்கிட்டு, இவங்களுக்கு இருக்கு, இவங்களுக்கு இல்லன்னு சொல்ல முடியாது. நல்லா இருக்கறவங்களுக்கும் கம்மியா இருக்கும். எந்திரிக்க முடியாதவங்களுக்கும் கூட இருக்கும். நெறைய பேர சேத்துப் பாத்தாதான் ஏதோ கொஞ்சம் தெரியும். அவளா வாயத் தொறந்து சொன்னாதான் உண்டு."

நான் நிம்மதியடைந்திருக்க வேண்டும். போன் வராது. யாருக்கும் தெரியாது. ஆனால் நான் மூடியிருந்த கழிப்பறை இருக்கைமேல் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வாரமும் பயந்துகொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன், மகனே. பயம் மட்டும் இல்லை அது. காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எங்கோ ஓர் இயந்திரம் என் பெயரைச் சொல்லிவிடும், அப்பா ஓடி வருவார், நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது என்று. அப்பா எப்படி ஓர் எண்ணுக்காகக் காத்திருந்தாரோ அப்படித்தான் நானும். அப்படி எந்த எண்ணும் வரப்போவதில்லை.

அக்காவிடமிருந்து இரண்டாவது குரல் வந்தது. "உன் ஃப்ரெண்ட் இப்ப எப்படி இருக்கா? இன்னிக்கு ஆபத்தா ஏதும் செஞ்சுக்கணும்னு தோணுதான்னு கேளு. தோணுச்சுன்னா இப்பவே சொல்லணும், நேரம் பாக்கக் கூடாது." இல்லைக்கா, அப்படி இல்லை, ஆனால் ரொம்ப நாளாகச் சரியில்லை என்று எழுதினேன். பிறகு, "வெள்ளிக்கிழமை உங்கம்மாவுக்கு ரெண்டாவது ரத்தம். அன்னிக்கு ஃப்ரெண்டையும் கூட்டிட்டு வா. நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். வீட்ல தெரியணும்மா. ஆனா நான் சொல்றதவிட அவ சொன்னா நல்லா இருக்கும். பட்டியலப் பத்தி அவ கவலப்பட வேணாம், அவ பேர எடுத்துடறது எனக்கு ஒரு நிமிஷ வேலை" என்றார். அவருக்குத் தெரியும். அந்தச் சின்ன அறையிலேயே தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை என்பது நாளை. அப்பாவிடம் சொல்லலாம் என்று நேற்று முழுக்க முயன்றேன். அவர் வேலைக்குப் பூட்ஸ் மாட்டும்போது பக்கத்தில் போய் நின்றேன். "என்னாம்மா?" என்றார். ஒன்றுமில்லைப்பா என்றேன். ஆலையை மூடிப் பழுது பார்க்கிற காலம் இது, இந்த வாரம் முழுக்க அவருக்கு இரவு வேலை. ஆக அம்மாதான். ஆனால் அம்மாவிடம் சொல்வதுதான் எனக்கு மிகப் பெரிய பயம். இப்போதுதான் குளிக்கிறார், நடக்கிறார், அடுத்த மாதம் கடைக்குப் போகலாமா என்று கேட்கிறார். நான் சொன்னால், என்னிடமிருந்துதான் உனக்கு வந்தது என்று நினைத்துக்கொள்வார். மறுபடி போய்ப் படுத்துவிட்டால்? ஒருவர் குணமாகி வெளியே வருகிற வாசலில் நின்றுகொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு போங்கள் என்று கையைப் பிடிப்பது எவ்வளவு சுயநலம். இதை எத்தனை தடவை யோசித்தாலும் இதே இடத்தில் வந்து நின்றுவிடுகிறேன்.

இருந்தாலும் செய்துவிட்டேன். எப்படியென்று சொல்கிறேன். அம்மா வாரம் ஒரு முறை வீட்டிலேயே நிரப்பும்படி அதே கேள்வித்தாளில் சில பிரதிகளை அக்கா கொடுத்திருந்தார். ஒன்று மிச்சமிருந்தது. இன்று சாப்பிட்டபின் அதை எடுத்து வந்து, இந்த மேசையில் வைத்து, யாரும் தோளுக்கு மேலாகப் பார்க்காமல், ஒன்பது கேள்விகளுக்கும் வட்டமிட்டேன். ஒன்றுகூடப் பூச்சியம் இல்லை. ஒன்பதாவதில் என் பேனா நின்றது, பிறகு வட்டமிட்டது. மேலே என் பெயரை எழுதினேன். எழுதும்போது கையெழுத்து என்னுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது. அதை அம்மாவின் ஆஸ்பத்திரிக் கோப்பில், நாளைக்குக் கொண்டுபோக வேண்டிய தாள்களுக்கு மேலே வைத்தேன். அம்மாவுக்கு இப்போது கடைப் பழக்கம் திரும்பியிருக்கிறது. படுக்கும் முன் தாள்களையெல்லாம் வரிசைப்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பார். வைத்துவிட்டு இங்கே வந்து கதவைத் தாழிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். போய் எடுத்துவிடலாம் என்று நான்கு முறை எழுந்தேன். ஒவ்வொரு முறையும் உன்னிடம் இன்னும் ஒரு வரி சொல்லிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கடிதம் இவ்வளவு நீளமானதற்கு அதுதான் காரணம்.

கொஞ்ச நேரத்துக்கு முன் கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றுவிட்டது. எவ்வளவு நேரமாக நின்றிருக்கிறது என்று தெரியவில்லை. அழுகிற சத்தம் இல்லை. படுக்கையறைக் கதவு சாத்துகிற சத்தம் வந்தால் எல்லாம் முடிந்தது என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன். வரவில்லை. நீ அங்கே இருக்கிறாயா? இப்போது செருப்பில்லாத காலடி. படுக்கையறைப் பக்கம் போகவில்லை. இந்தப் பக்கம்தான்.

கதவைத் தட்டுகிறார். இரண்டு தட்டு.

"பாப்பா, தாளப் பாத்தேன். அம்மாவுக்கு ஒண்ணும் ஆவல, நல்லாத்தான் நிக்கிறேன். கதவத் தொற."

குரலில் நடுக்கம் இல்லை. மகனே, நான் எழுந்து போய்க் கதவை